வலிக்காத புண்ணும் நுரை பொங்கும் மருந்தும்

கேள்வி: 70 வயதான என் மாமனாருக்கு 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. வலது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே வந்த புண் 2 மாதங்களாக ஆறவில்லை. தினமும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றித் துடைத்து, பவுடர் தூவி, காற்றுப் படட்டும் என்று திறந்து விடுகிறோம். வலியில்லை என்று சொல்லித் தோட்டத்துக்கும் போய் வருகிறார். எப்படிக் கழுவிக் கட்டுவது?
– வாசகி, நாமக்கல்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்திய வரி, வலியில்லை என்பதுதான். நெடுநாள் சர்க்கரை நோயில் பாதத்து நரம்புகள் உணர்விழந்து விடுவதால், புண்ணின் மீதே உடல் எடை முழுவதையும் ஊன்றி நடப்பது அவருக்குத் தெரிவதில்லை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தபோது, அவர்களுடைய கால்புண்கள் சதை தானாக அழுகி வருபவை என்ற அக்கால எண்ணத்தை மறுத்து, உணர்வற்ற பாதத்தில் நடையின் அழுத்தம் ஓரிடத்திலேயே திரும்பத் திரும்ப விழுவதால் வருபவை என்று காட்டினார். மாவுக்கட்டுப் போட்டு அந்த அழுத்தத்தை நீக்கியபோது, ஆறாதிருந்த புண்கள் ஆறின. உங்கள் மாமனாரின் புண்ணுக்கும் இதே நியாயம் பொருந்தும். எவ்வளவு நன்றாகக் கட்டினாலும், அவர் தோட்டத்துக்கு நடந்து கொண்டிருக்கும் வரை அது ஆறுவது கடினம்.

இனி, கழுவுவது பற்றி. பெராக்சைடு பொங்குவதைக் கண்டு கிருமி சாகிறது என்று மகிழ்கிறோம். இரத்தத்திலும் சதையிலும் உள்ள ஒரு நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதால் எழும் நுரை அது. சுத்தமான புண்ணிலும் எழும். புதிதாக வளரும் செல்களையும் அது சிதைப்பதால், அதை நிறுத்தி விடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன், அதாவது லிட்டருக்கு 9 கிராம் உப்புள்ள நீர், அல்லது கொதிக்க வைத்து ஆறிய நீர் போதும். சோப்பினால் கை கழுவிய பின், அதைப் புண்ணின் மேல் மெதுவாக ஊற்றி, சுற்றியுள்ள தோலையும் விரலிடுக்குகளையும் ஒற்றித் துடையுங்கள். பவுடர் கட்டியாகிப் புண்ணின் தரையை மறைத்து விடுமாதலால் அதுவும் வேண்டாம்.

திறந்து விட்டால் விரைவில் ஆறும் என்பது நம் வீடுகளில் ஊறிப்போன நம்பிக்கை. 1962-இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காத்த காயங்களில், காற்றில் உலர்ந்தவற்றைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் புதுத் தோல் படர்ந்தது. ஆயினும் நீர் மிகுதியாக வடியும் புண்ணுக்கு உறிஞ்சும் கட்டு வேண்டும்; இரத்த ஓட்டமின்றிக் கறுத்துக் காய்ந்த பகுதியையோ நனைக்கவே கூடாது. ஆகவே எந்தக் கட்டு என்பதை நேரில் பார்ப்பவரே முடிவு செய்ய வேண்டும். ஒட்டிக்கொண்ட காஸ் துணியைச் சலைனால் நனைத்துப் பிரியுங்கள். வெடுக்கென்று இழுத்தால் புதுத் தோலும் உடன் வந்து விடும்.

2 மாதங்கள் கடந்துவிட்டதால், காலின் இரத்த ஓட்டத்தையும் எலும்பில் தொற்று உள்ளதா என்பதையும் சோதிக்க இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஓரத்தில் தடித்த தோலை வீட்டில் பிளேடால் சீவ வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், பரவும் சிவப்பு, கருமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே செல்ல வேண்டும்.

கேள்வி: கொதிக்கும் எண்ணெய் தெறித்தால் பற்பசையோ பேனா மையோ தடவலாமா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். தீப்புண்ணின் ஆழத்தைப் பார்க்க, மருத்துவர் நீங்கள் தடவியதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அந்த வேதனையும் உங்களுக்கே. குழாய் நீரில் 20 நிமிடங்கள் காட்டுங்கள். சற்றுத் தாமதமானாலும், 3 மணி நேரத்துக்குள் என்றால் பயன் உண்டு. ஐஸ் வைக்காதீர்கள். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டு, கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். உள்ளங்கையளவுக்கு மேற்பட்டாலும், முகம், கை, மூட்டு ஆகிய இடங்களில் பட்டாலும், குழந்தையாக இருந்தாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி போட்ட நாள் நினைவில்லை என்றால், டெட்டனஸ் ஊசி பற்றியும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.