ஐந்து நிமிடக் கட்டங்கள்

கேள்வி: வெப்பநிலை சென்சார் ஒன்றின் பதிவுகளை பைத்தானில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு சராசரியாக மாற்றுகிறேன். முதல் பதிவில் தொடங்கி, ஐந்து நிமிடம் கடந்ததும் புதுக் கட்டம் என்று லூப் ஓடுகிறது. ஒரு நாளைக்கு 288 கட்டம் வர வேண்டும். தினமும் குறைகிறதே, ஏன்?

பதில்: உங்கள் லூப் பதிவுகளின் பின்னால் போகிறது. அது கடிகாரத்தின் பின்னால் போக வேண்டும். இந்த ஐந்து பதிவுகளைப் பாருங்கள்: 10:00:12, 10:03:40, 10:04:59, 10:05:00, 10:17:30. உங்கள் முறைப்படி முதல் கட்டம் 10:00:12-இல் திறந்து நான்கு பதிவுகளை எடுத்துக்கொள்ளும். அடுத்தது நேரே 10:17:30-இல் திறக்கும். நடுவே சென்சார் மௌனமாக இருந்ததற்குத் தடயமே இருக்காது.

எல்லைகளை முதலிலேயே போட்டுவிடுங்கள்: 10:00, 10:05, 10:10, 10:15. தொடக்க நொடி கட்டத்துக்குள், முடிவு நொடி வெளியே. அப்போது 10:05:00 இரண்டாம் கட்டத்துக்கு மட்டுமே சேரும். இரண்டு எல்லைகளையும் உள்ளே சேர்த்தால் அது இருமுறை கணக்கில் ஏறும். கட்டத்தைக் கண்டுபிடிப்பது எளிது: 1970 ஜனவரி 1 முதல் எண்ணும் யூனிக்ஸ் விநாடியை 300-ஆல் வகுத்து, வரும் மீதியை அந்த விநாடியிலிருந்தே கழித்துவிடுங்கள். கிடைப்பது கட்டத்தின் தொடக்கம். பதிவுகளை நேர வரிசையில் அடுக்கிவிட்டால் ஒரே நடையில் வேலை முடியும். கட்டத்துக்குக் கட்டம் மொத்தப் பட்டியலையும் தேட வேண்டாம்.

10:10 கட்டம் காலி. அதைக் காலி என்றே எழுதுங்கள், தாண்டிப் போகாதீர்கள். ஓர் இரவு என் சென்சார் நாற்பது நிமிடம் நின்றுவிட்டது. காலிக் கட்டங்களை நான் விட்டுவிட்டதால் வரைபடம் இரு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துவிட்டது. வெப்பநிலை சீராக இருந்தது என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து சராசரிக்குப் பக்கத்தில் பதிவுகளின் எண்ணிக்கையையும் கட்டாயம் எழுதுகிறேன்.

பைத்தானின் தரவு நூலகமான பாண்டாஸ் (pandas) பயன்படுத்தினால், அதன் ரீசாம்பிள் (resample) கட்டளை காலிக் கட்டங்களையும் தரும். நேரத்தைக் கீழ்நோக்கி முழுமையாக்கி குரூப்-பை (groupby) கட்டளையைப் போட்டால் தராது. ஒன்றைக் கவனியுங்கள்: காலிக் கட்டத்தின் சராசரி வெற்றாக வரும், கூட்டுத்தொகையோ 0 என்று வரும். மழையளவு போன்றவற்றில் ‘பெய்யவில்லை’ என்பதும் ‘அளக்கவில்லை’ என்பதும் ஒன்றாகிவிடும். கூட்டும்போது மின்_கவுன்ட் (min_count) மதிப்பை 1 என்று கொடுத்தால் கூட்டுத்தொகையும் வெற்றாகவே வரும்.

நிமிடக் கட்டங்களை யுடிசியில் (UTC, உலகப் பொது நேரம்) வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்குக்குப் போகும்போது மட்டும் உள்ளூர் நேர மண்டலம் வேண்டும். கோடை நேர மாற்றம் உள்ள இடங்களில் சில நாட்களுக்கு 23 மணி நேரம், சிலவற்றுக்கு 25. அங்கே அடுத்த நாளின் தொடக்கத்துக்கு 24 மணி நேரத்தைக் கூட்டாமல், நாட்காட்டியில் ஒரு நாளைக் கூட்டுங்கள்.