பார்வைக்குச் செவலை, உள்ளே முத்து: குதிரை நிறம் பற்றி வாசகர் கேள்விகள்

குதிரைகளின் நிறத்தை வெளுக்க வைக்கும் மரபணுக்கள் பல உண்டு. பெரும்பாலானவை ஒற்றைப் பிரதி வந்தாலே வெளியில் தெரிந்துவிடும். சில மட்டும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதி சேர்ந்தால்தான் முகம் காட்டும். இவைதான் ஒடுங்கு மரபணுக்கள். 'பேர்ல்' எனப்படும் முத்து மரபணு இந்த வகை. இந்த மாதம் வந்த கடிதங்களில் அதைப் பற்றியவையே அதிகம்.

கேள்வி: லூசிட்டானோ குதிரைப் பண்ணையில் வேலை செய்கிறேன். பெட்டை, பொலிக்குதிரை இரண்டும் நல்ல செவலை. பிறந்த குட்டியோ உடம்பு, பிடரி, வால் எல்லாம் ஒரே வெளிர்மஞ்சள். வேறு ஏதோ குதிரையின் குட்டி என்று முதலாளி சந்தேகப்படுகிறார். சந்தேகம் சரியா?

பதில்: அவசரப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஆண்டலூசியன், லூசிட்டானோ போன்ற ஐபீரியக் (ஸ்பெயின், போர்ச்சுகல்) குதிரைகளில் முத்து மரபணு உண்டு. தாய், தந்தை இரண்டும் ஒரு பிரதி வைத்திருந்து, இரண்டுமே அதையே குட்டிக்குக் கொடுத்திருந்தால் நீங்கள் சொன்ன மாதிரிக் குட்டிதான் பிறக்கும். ஒரு பிரதி மட்டும் உள்ள பெற்றோர் சாதாரணச் செவலையாகவே இருப்பார்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது. கிரீம் மரபணு ஒன்று செவலையில் சேர்ந்தால் பாலோமினோ: உடம்பு பொன்னிறம், பிடரியும் வாலும் வெள்ளை. இரட்டை முத்து அப்படியல்ல. உடம்பு, பிடரி, வால் மூன்றும் பனங்கற்கண்டு போல ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். மூக்கைச் சுற்றியும் வால் அடியிலும் தோலைப் பாருங்கள், அதுவும் வெளிறியிருக்கும்.

கிரீம் மரபணு கறுப்புக் குதிரையில் கண்ணுக்குத் தப்பலாம், செவலையில் தப்பாது. நிறத்தை வெளுக்கும் இன்னொன்றான ஷாம்பெயின் மரபணுவுக்கும் ஒரே பிரதி போதும் என்பதால், அது குட்டியில் இருந்தால் பெற்றோரில் ஒருவரிடம் வெளிப்படையாகவே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இரண்டு செவலைகளுக்குப் பிறந்த வெளிர்க்குட்டிக்கு முத்துதான் முதல் விளக்கம். குட்டி, தாய், தந்தை மூன்றின் முடியையும் அனுப்பி முத்துப் பரிசோதனையோடு பெற்றோர் உறுதிப் பரிசோதனையும் கேளுங்கள். குட்டியில் இரண்டு பிரதி, பெற்றோரில் ஆளுக்கு ஒன்றாவது, பெற்றோர் உறுதியும் சரி என்று வந்தால் பேச்சு முடிந்தது.

கேள்வி: டெக்சஸில் இருக்கிறேன். வெளிர் நீலக் கண், இளஞ்சிவப்புத் தோலோடு ஒரு குவார்ட்டர் ஹார்ஸ் பொலிக்குதிரையை 'கிரிமெல்லோ' என்று சொல்லி விற்றார்கள். செவலைப் பெட்டையோடு சேர்த்தால் குட்டி எல்லாமே பாலோமினோ என்றார்கள். மூன்று குட்டிகளில் இரண்டு சுத்தச் செவலை. எங்கே தவறு?

பதில்: கிரிமெல்லோ என்றால் கிரீம் இரண்டு பிரதி உள்ள செவலை. உங்கள் குதிரை அது இல்லை. பெரும்பாலும் அது கிரீம் ஒன்று, முத்து ஒன்று வைத்திருக்கும் குதிரை. 'சூடோ கிரிமெல்லோ', அதாவது போலிக் கிரிமெல்லோ என்று இதைச் சொல்வார்கள்.

கிரீம், முத்து இரண்டும் தனித்தனி மரபணு அல்ல, ஒரே மரபணுவில் நேர்ந்த இரண்டு வெவ்வேறு மாற்றங்கள். அந்த மரபணுவின் பெயர் எஸ்எல்சி45ஏ2. குதிரையின் 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. நிறச் செல்லுக்குள் மெலனின் தயாராகும் நுண்பைகள் உண்டு. அந்தப் பைகளுக்குத் தேவையான ஒரு கடத்துப் புரதத்தை இந்த மரபணுதான் உண்டாக்குகிறது. புரதத்தின் 153ஆம் இடத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினால் கிரீம். இது 2003இல் தெரிந்தது. 329ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின் வந்தால் முத்து. இது 2019இல் வெளியானது. கிரீம் மாற்றம் புரதத்தைக் கடுமையாகப் பழுதாக்குகிறது, முத்து கொஞ்சமாக. அதனால்தான் ஒரு முத்தின் குறையை எதிரிலுள்ள நல்ல பிரதி முழுசாக ஈடுகட்டிவிடுகிறது. எதிரில் கிரீம் இருந்தால் ஈடுகட்ட ஆளில்லை. குதிரை இரட்டைக் கிரீம் அளவுக்கு வெளுத்து, கண் நீலமாகவோ பச்சை கலந்த நீலமாகவோ ஆகிறது.

இனி இனப்பெருக்கக் கணக்கு. இந்த மரபணுவுக்கு ஒரு குதிரையிடம் இரண்டே இருக்கைகள். உங்கள் குதிரையில் ஒன்றில் கிரீம், மற்றதில் முத்து. குட்டிக்கு இரண்டில் ஒன்றுதான் போகும், இரண்டும் சேர்ந்து போகவே முடியாது. சாதாச் செவலைப் பெட்டையோடு சேரும்போது, கிரீம் போனால் பாலோமினோ, முத்து போனால் பார்வைக்குச் செவலை. பாதிக்குப் பாதி வாய்ப்பு. மூன்றில் இரண்டு செவலை என்பது இயல்பான விளைவே. அசல் கிரிமெல்லோவாக இருந்தால் இரண்டு இருக்கையிலும் கிரீம், ஆகவே ஒரு செவலைக் குட்டிகூட வந்திருக்காது. ஒரே ஒரு செவலைக் குட்டியே, அது உங்கள் குதிரையின் குட்டிதான் என்பது உறுதியானால், விற்றவர் சொன்னது தவறு என்பதற்குச் சான்று.

வாங்கியபோது கொடுத்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். கிரீம் பரிசோதனை மட்டும் செய்து 'ஒரு பிரதி' என்று வந்திருக்கலாம். கண்ணுக்கு இரட்டைக் கிரீம், தாளில் ஒற்றைக் கிரீம் என்றால் உடனே முத்துப் பரிசோதனை கேட்க வேண்டும். பலர் தவறவிடுவது இந்த இடத்தில்தான். உங்கள் இனத்தில் இது புதிதும் அல்ல. மரபணு தெரிவதற்கு முன்பே, குவார்ட்டர் ஹார்ஸ், பெயிண்ட் குதிரை வளர்ப்போர் இதை 'பார்லிங்க் ஃபேக்டர்' என்று அழைத்து வந்தார்கள். பார்லிங்க் மாச்சோ மேன் என்ற பொலிக்குதிரையிலிருந்து வந்த பெயர் அது.

அந்த இரண்டு செவலைக் குட்டிகளையும் 'சாதா' என்று எழுதி விற்றுவிடாதீர்கள். தாய் சாதா என்றால் அவை இரண்டும் கட்டாயம் முத்துக் கடத்திகள்தான், அதாவது ஒரு பிரதியை வெளியில் தெரியாமல் சுமப்பவை. வாங்குபவரிடம் அதைச் சொல்வதுதான் முறை.

கேள்வி: என் செவலைப் பெட்டையும் நண்பரின் பொலிக்குதிரையும் ஆளுக்கு ஒரு முத்துப் பிரதி உள்ளவை என்று பரிசோதனையில் தெரிந்தது. நான்கில் ஒன்று முத்து என்றார்கள். மூன்று குட்டி ஆகிவிட்டது, ஒன்றும் இல்லை. அடுத்தது நிச்சயம் முத்துதானே?

பதில்: இல்லை. ஒவ்வொரு குட்டிக்கும் தனித்தனியாக நான்கில் ஒரு வாய்ப்பு. முந்தைய மூன்றும் நான்காவதை எந்த விதத்திலும் பாதிக்காது. இப்படிப்பட்ட ஜோடியின் முதல் மூன்றிலும் முத்து வராமல் போக 42 சதவீத வாய்ப்பு இருக்கிறது, நான்கிலும் வராமல் போக 32 சதவீதம். பெட்டைக்குச் சினைக்காலம் ஏறக்குறைய 11 மாதம். இந்தக் கணக்கில் காத்திருப்பது பெரிய செலவு.

முத்து நிறமே குறிக்கோள் என்றால் ஜோடியை மாற்றுங்கள். இரட்டை முத்துப் பொலிக்குதிரையோடு சேர்த்தால் உங்கள் பெட்டைக்கு வாய்ப்பு பாதிக்குப் பாதியாக உயரும். இரு பக்கமும் இரட்டை முத்து என்றால் எல்லாக் குட்டியும் முத்துதான். பிறந்த மூன்று குட்டிகளையும் மறக்க வேண்டாம். பார்வைக்குச் சாதாவாக இருக்கும் ஒவ்வொன்றும் கடத்தியாக இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஆண்டலூசியன்களில் பெரும்பாலானவை வெள்ளையாகத்தானே இருக்கின்றன? அவற்றில் முத்து இருந்தால் எப்படித் தெரியும்?

பதில்: தெரியாது, அதுதான் சிக்கல். அந்த வெள்ளைகளில் அநேகமும் 'கிரே' குதிரைகள். வேறு நிறத்தில் பிறந்து, வயது ஏற ஏற நரைப்பவை. கிரே ஓங்கு மரபணு, ஒற்றைப் பிரதி போதும், அடியில் இருக்கும் எந்த நிறத்தையும் காலப்போக்கில் மூடிவிடும். இரட்டை முத்தோடு பிறந்த குட்டிகூடச் சில ஆண்டுகளில் வெள்ளையாகிவிடும். எனவே கிரே குதிரைகளுக்குப் பிறந்தவுடன் எடுத்த படங்களைப் பத்திரமாக வையுங்கள். கண் ஓரம், மூக்கு, குளம்புக்கு மேலுள்ள முடி மூன்றும் பகல் வெளிச்சத்தில் எடுத்திருக்க வேண்டும். பெரிய குதிரை என்றால் முடிப் பரிசோதனை தவிர வழியில்லை.

கேள்வி: முடி மாதிரி அனுப்பினேன். 'டிஎன்ஏ போதவில்லை' என்று லேப் திருப்பி அனுப்பிவிட்டது. எப்படி எடுப்பது?

பதில்: கத்தரியால் வெட்டியிருப்பீர்கள், அல்லது சீப்பில் ஒட்டியிருந்ததை எடுத்திருப்பீர்கள். சோதனைக்குத் தேவை முடி அல்ல, முடியின் வேர். தண்டுப்பகுதியில் இந்தச் சோதனைக்கு உதவும் அளவு டிஎன்ஏ கிடையாது.

பிடரியிலோ வாலிலோ சுத்தமான, உலர்ந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஐந்தாறு முடிகளைத் தோலுக்கு அருகில் விரலில் சுற்றிப் பிடித்து, சட்டென ஒரே இழுப்பாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் நடுவில் அறும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நுனியில் கடுகை விடச் சின்னதாக ஒரு வெளிறிய குமிழ் தெரிய வேண்டும். அது இல்லாத முடியை ஒதுக்கிவிடுங்கள். வேரோடு 20 முதல் 30 முடி சேரும்வரை எடுங்கள். குட்டிகளின் பிடரி மயிர் பஞ்சு மாதிரி, எளிதில் அறும், அதனால் வாலில் எடுப்பது நல்லது.

வேர்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்கும்படி அடுக்கி, வேரில் படாமல் நடுத்தண்டில் டேப் ஒட்டி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். அடுத்த குதிரையிடம் போகும் முன் கையைக் கழுவுங்கள், உறையில் பெயரை அப்போதே எழுதுங்கள். இரண்டு குதிரையின் முடி ஓர் உறைக்குள் கலந்தால் முடிவை நம்பவே முடியாது.

கேள்வி: ஒடுங்கு மரபணுவால் நிறம் வெளுத்த அரபுக் குட்டிகள் செத்துவிடும் என்று படித்தேன். முத்துவும் ஆபத்தா?

பதில்: இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். முத்துவோடு எந்த நோயும் தொடர்புபடுத்தப்படவில்லை. நீங்கள் படித்தது லாவெண்டர் ஃபோல் சிண்ட்ரோம். எகிப்திய வழி அரபுக் குதிரைகளில் காணப்படுவது, மயோ5ஏ என்ற வேறொரு மரபணுவில் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து விடுபடுவதால் வருவது. 2010இல் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு தரும் புரதம் சுமை தூக்கி மாதிரி. நிறச் செல்லில் மெலனின் பைகளைச் சுமந்து செல்கிறது, நரம்புச் செல்லிலும் சரக்குகளைச் சுமக்கிறது. அது முறிந்தால் நிறமும் வெளுக்கும், நரம்பும் இயங்காது.

அந்தக் குட்டி வெள்ளி அல்லது வெளிர் ஊதா கலந்த நிறத்தில் பிறக்கும். கழுத்தை முதுகுப்பக்கம் வளைத்து, கால்கள் விறைத்து, படுத்தபடியே துடுப்புப் போடுவது போல உதைக்கும். எழுந்து பால் குடிக்க முடியாது. மருத்துவம் இல்லை. வேறு நோய்களிலும் பிறந்த குட்டிக்கு வலிப்பு வரும், அவற்றில் சில குணமாகும், எனவே நிறத்தை வைத்து நீங்களே முடிவு கட்டாமல் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

எகிப்திய அரபுகளில் சுமார் 10 சதவீதம் கடத்திகள். கடத்திக் குதிரை முழு ஆரோக்கியமாக இருக்கும், அதை ஒதுக்கத் தேவையில்லை. கடத்தியைக் கடத்தியோடு சேர்க்கக் கூடாது, அவ்வளவுதான். சேர்க்கும் முன்பே இரு பக்கமும் பரிசோதிப்பது கட்டாயம். முத்து விஷயத்தில் பரிசோதிக்காவிட்டால் ஏமாற்றத்தோடு போகும், இங்கே ஓர் உயிர் போகும்.

கேள்வி: ஷெட்லாந்து போனிகளில் காளான் நிறம் என்கிறார்களே, அதுவும் முத்துவா?

பதில்: இல்லை, அது 'மஷ்ரூம்'. அதுவும் ஒடுங்கு மரபணுதான், ஆனால் எம்எஃப்எஸ்டி12 என்ற வேறொன்று. 2019இல் தெரியவந்தது. சிவப்பு நிறமியைத்தான் குறிவைக்கும். செவலைப் போனி, பழைய புகைப்படம் போல, செம்மை வடிந்த பழுப்பாகும். நெடுநாள் இதைச் 'சில்வர்' என்ற வேறொரு நிற மரபணு என்று நினைத்திருந்தார்கள். சில்வர் கறுப்பு நிறமியை மட்டுமே வெளுக்கும், செவலையில் அதற்கு வேலையே இல்லை.

கேள்வி: வீட்டில் ஒரு வெள்ளைக் குதிரை, இளஞ்சிவப்புத் தோல். நுக்ரா என்று விற்றார்கள். இது இரட்டைக் கிரீமா? வெயிலில் மூக்கு புண்ணாகிறது.

பதில்: நுக்ரா என்பது தோற்றத்துக்கு வைத்த பெயர், மரபணுவுக்கு அல்ல. கண் நீலம், முடியில் லேசான பால்மஞ்சள் சாயல் என்றால் இரட்டைக் கிரீமாக இருக்கலாம். கண் கறுப்பு, முடி சுத்த வெள்ளை என்றால் தோலில் நிறச் செல்களே இல்லாத 'டாமினண்ட் ஒயிட்' வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். முடிப் பரிசோதனைதான் உறுதி சொல்லும்.

புண்ணுக்கு: காலை 10 முதல் மாலை 4 வரை நிழலில் கட்டுங்கள். வெளியே விடும் முன் மூக்கு, உதட்டைத் துடைத்து உலர்த்தி, வாசனை இல்லாத சன்ஸ்கிரீனைக் கனமாகத் தடவுங்கள். தண்ணீர் குடித்தாலே அழிந்துவிடும், மதியம் மறுபடி தடவ வேண்டும். மூக்கையும் மூடும் வலை முகமூடி இன்னும் நல்லது. இளஞ்சிவப்புத் தோலில் மட்டும் கொப்புளம் வந்து தோல் உரிந்தால் வெயில் மட்டும் காரணமாக இராது. ஈரல் பழுதானாலும், சில களைச்செடிகளைத் தின்றாலும் தோல் இப்படி வெயிலைத் தாங்காமல் போகும். அப்படியானால் தீவனத்தை மாற்றி, இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.