ஜப்பானைப் புகழும் ஒரு புத்தகம் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகர்கோவில் புத்தகக் கண்காட்சியில் ஜப்பானைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். அந்த நாட்டுக்காரர்களின் நல்ல குணங்களைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வதாகப் பின்னட்டையில் போட்டிருந்தது. என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். முதலில் நன்றாகத்தான் போனது. 2011 சுனாமி பற்றிய அத்தியாயம் வந்ததும் மூடி வைத்துவிட்டேன். அங்கே யாரும் அழவில்லையாம், கூச்சல் போடவில்லையாம், தண்ணீர் பாட்டிலுக்கு அமைதியாக வரிசையில் நின்றார்களாம். நம் ஆட்கள் என்றால் மாரில் அடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியிருப்பார்கள் என்று ஒரு வேடிக்கை வேறு. 2004இல் கொட்டில்பாட்டில் என் சித்தி வீட்டில் மூன்று பேர் போனார்கள். நாங்கள் கத்தித்தான் அழுதோம். லேசான புத்தகத்தில் இதையெல்லாம் பார்ப்பது என் தப்பா?

ஷீபா
குளச்சல்

அன்புள்ள ஷீபா,

உங்கள் தப்பு எதுவும் இல்லை. நானும் அந்தப் புத்தகத்தை வாசித்தேன். 2017இல் ஒரு ரயில் இருபது நொடி முன்னாலேயே கிளம்பிவிட்டதற்கு ரயில் நிறுவனம் மன்னிப்புக் கேட்ட கதையை ஆசிரியர் அழகாகச் சொல்கிறார். பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்கித் துடைக்கும் பகுதியும் நன்றாக இருக்கிறது. இதெல்லாம் உண்மை, புகழ வேண்டிய விஷயமும்தான். எனக்கும் ஏமாற்றம் தொடங்கிய இடம் நீங்கள் மூடி வைத்த அதே அத்தியாயம்தான்.

ஓகாவா தொடக்கப் பள்ளி என்று ஒன்று இருந்தது. இஷினோமாகி நகராட்சிக்கு உட்பட்டது, கிதாகாமி ஆற்றங்கரையில், கடலிலிருந்து ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் உள்ளே. 2011 மார்ச் 11 அன்று மதியம் 2.46க்கு நிலம் குலுங்கியது. ஆசிரியர்கள் பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பள்ளிக்குப் பின்னாலேயே குன்று. அதில் ஏறுவதா வேண்டாமா, எங்கே போவது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்ததில் ஐம்பது நிமிடம் போய்விட்டது. மேலே ஏறுவோம் என்று சில பிள்ளைகளே கேட்டதாகத் தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். கடைசியில் ஆற்றுப் பாலத்தை ஒட்டிய மேட்டுக்குப் போகலாம் என்று முடிவாகி நடக்கத் தொடங்கிய நேரத்தில் ஆற்றின் வழியாகவே தண்ணீர் வந்தது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் போனார்கள்.

அந்தப் பெற்றோர் அழவில்லை என்று யார் சொன்னது? மாதக்கணக்கில் சேற்றைத் தோண்டித் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள். அப்புறம் 23 பிள்ளைகளின் குடும்பங்கள் நகராட்சி மீதும் மாகாண அரசு மீதும் வழக்குப் போட்டன. அங்கே அரசாங்கத்தைக் கோர்ட்டுக்கு இழுப்பதை ஊரும் உறவும் லேசில் ஏற்காது. அதையும் தாங்கிக்கொண்டு நின்றார்கள். சுனாமி வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று முன்கூட்டியே திட்டம் போடாததே குற்றம் என்று 2018இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2019இல் உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது. இனி அந்த நாட்டில் எந்தப் பள்ளியும் திட்டம் இல்லாமல் இருந்துவிட்டுத் தப்பிக்க முடியாது. அதைச் சாதித்தது அந்தப் பெற்றோரின் கூச்சல்.

அதே கடற்கரையில் அனேயோஷி என்று ஒரு சின்ன ஊர். 1896இலும் 1933இலும் சுனாமி அந்த ஊரை அநேகமாகத் துடைத்தெடுத்தது. மிஞ்சியவர்கள் மேட்டில் ஒரு கல்லை நட்டு, இதற்குக் கீழே வீடு கட்டாதே என்று வெட்டி வைத்தார்கள். 2011இல் தண்ணீர் அந்தக் கல்லுக்குக் கீழேயே நின்றுவிட்டது, மேலே இருந்த வீடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தவர்களுக்காக அழுதவர்கள் நட்ட கல் அது. இந்த நூலாசிரியரோ ஜப்பானியரின் முன்ஜாக்கிரதை ரத்தத்திலேயே ஊறியது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். ரத்தத்தில் வந்தது என்று சொல்லிவிட்டால், குளச்சலில் இருக்கும் பிள்ளை அதிலிருந்து எதை எடுத்துக்கொள்வான்? நமக்கு அது வராது என்று நினைத்துக்கொள்வான், அவ்வளவுதான். புகழ்ச்சி என்ற பெயரில் இரண்டு பக்கத்து மக்களையும் இந்தப் புத்தகம் குறைத்துக் காட்டுகிறது. எனக்கு வருத்தம் அதுதான்.

நம் ஆட்களின் கூச்சலையும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் நம் ஆட்கள் எப்போதோ கிளம்பிப் போயிருந்தார்கள். எச்சரிக்கை வந்த நேரத்தில் அது அவர்கள் காதுக்குப் போய்ச் சேர வழியில்லை. டிசம்பர் 7 அன்று கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குழித்துறைக்கு நடந்து போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். புருஷனையும் மகனையும் தேடித் தாருங்கள் என்றுதான் அந்தப் பெண்கள் கத்தினார்கள். ஓகாவா பெற்றோர் கோர்ட்டில் கேட்டதற்கும் இவர்கள் தண்டவாளத்தில் கேட்டதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இதில் வேடிக்கைக்கு எங்கே இடம்?

லேசாக எழுதியதால் வந்த குறை இது என்று நான் சொல்ல மாட்டேன். நம் தேரூர்க்காரர் கவிமணி ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினாரே, அதைச் சிரிக்காமல் வாசிக்க முடியுமா? ஒரு காரணவரின், அதாவது குடும்பத் தலைவரின், ஐந்தாவது மனைவி தன் கதையைச் சொல்கிறாள். மாமியார் கொடுமையும் சக்களத்திச் சண்டையும் அப்படியே நம் வீட்டுப் பேச்சில் வருகின்றன. சிரித்துக்கொண்டே போகிறோம். ஆனால் சொத்து மருமகனுக்கு, அதாவது அக்கா தங்கை மகனுக்குப் போய், பெற்ற பிள்ளைகள் தெருவுக்கு வரும் கொடுமை ஒரு இடத்திலும் நம் கண்ணைவிட்டு மறைவதில்லை. தன் ஊரையும் தன் சாதியையும் உள்ளே இருந்து பார்த்தவர் எழுதியது. பின்னால் 1926இல் நாஞ்சில்நாட்டு வேளாளருக்குத் தனிச் சட்டம் வந்து, மனைவி மக்களுக்குச் சொத்துரிமை கிடைத்தது. சிரிப்புக்கு அவ்வளவு தெம்பு உண்டு என்று காட்டிய மாவட்டத்தில் இருந்துகொண்டு, லேசான புத்தகம்தானே போகட்டும் என்று எப்படி விட முடியும்?

புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். ரயில் கதையை அவர்களே வாசித்துச் சிரிக்கட்டும். சுனாமி அத்தியாயம் வரும்போது மட்டும் நீங்கள் பக்கத்தில் இருந்து, ஓகாவாவையும் அனேயோஷியையும் சொல்லுங்கள். உங்கள் சித்தி வீட்டைப் பற்றிச் சொல்ல முடிந்தால் அதையும் சொல்லுங்கள், முடியாவிட்டால் வேண்டாம். எனக்கு எழுதிய இதே கடிதத்தை நூலாசிரியருக்கும் பதிப்பகம் வழியாக அனுப்பிவையுங்கள். எழுதத் தெரிந்தவர்தான் அவர். அடுத்த பதிப்பில் அந்த ஒரு அத்தியாயத்தையாவது திருப்பி எழுதலாம்.

அன்புடன்,
அண்ணன்