மெதுவாகிக்கொண்டே போகும் நோடுகள்

வணக்கம் மேடம்,

கோவையில் எம்.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என்.எஸ்-2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில், நகரும் வயர்லெஸ் கருவிகளுக்கு (நோடுகளுக்கு) இடையே பாதை தேடித் தரும் ஏ.ஓ.டி.வி., டி.எஸ்.ஆர். என்ற இரண்டு ரௌட்டிங் புரோட்டோகால்களை ஒப்பிடுவது என் புராஜெக்ட். சீனியர்கள் கொடுத்த ஸ்கிரிப்ட்தான்: 50 நோடு, 1500க்கு 300 மீட்டர் களம், 900 வினாடி, அதிகபட்ச வேகம் வினாடிக்கு 20 மீட்டர், பாஸ் டைம் (ஓரிடம் சேர்ந்ததும் நோடு நிற்கும் நேரம்) 0. நூறு நூறு வினாடியாகப் பிரித்துப் பார்த்தால், போய்ச் சேரும் பாக்கெட் விகிதம் ஆரம்பத்தில் குறைவாகவும் போகப் போகக் கூடுதலாகவும் வருகிறது. இரண்டு புரோட்டோகாலிலும் இப்படித்தான். கைடிடம் காட்டினேன். “நெட்வொர்க் செட்டில் ஆகிறது, முதல் 200 வினாடியை வெட்டிவிடு” என்றார். வெட்டினாலும் கோடு ஏறிக்கொண்டேதான் போகிறது. புரோட்டோகால் ஏதாவது கற்றுக்கொள்கிறதா? இன்னொன்று, டி.எஸ்.ஆர். போட்டாலே சில சமயம் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று வந்து புரோகிராம் நின்றுவிடுகிறது. பேசாமல் என்.எஸ்-2க்கு அடுத்து வந்த என்.எஸ்-3க்கு மாறிவிடலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு பாராட்டு. மொத்த சராசரி ஒன்றை எடுத்து கிராஃப் போட்டுவிட்டுப் போகாமல், நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். அதனால்தான் இது கண்ணில் பட்டது.

புரோட்டோகால் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. உங்கள் நோடுகள் மெதுவாகிக்கொண்டே போகின்றன.

சீனியர் ஸ்கிரிப்டில் இருக்கும் அசைவு மாடலின் பெயர் ராண்டம் வேபாயின்ட். ஒரு நோடு களத்தில் ஏதோ ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்கும். 0க்கும் 20க்கும் இடையே ஏதோ ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்கும். அங்கே போய்ச் சேரும்வரை வேகத்தை மாற்றாது. சேர்ந்ததும் அடுத்த புள்ளி, அடுத்த வேகம். 0க்கும் 20க்கும் சராசரி 10 என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். கோளாறு அங்கேதான்.

கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 60இல் போகிறீர்கள், 40 நிமிடம். திரும்பும்போது 20இல் வருகிறீர்கள், இரண்டு மணி நேரம். மொத்தம் 80 கிலோமீட்டருக்கு 2 மணி 40 நிமிடம். சராசரி 30தான், 40 இல்லை. காரணம், மெதுவான பயணம் நேரத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது.

உங்கள் களத்தில் ஒரு பயணம் சராசரியாக 500 மீட்டரை ஒட்டி வரும். வேகம் 20 கிடைத்த நோடு அதை 25 வினாடியில் முடித்துவிட்டு அடுத்த வேகத்தை எடுக்கும். வேகம் 0.5 கிடைத்த நோடுக்கு 1000 வினாடி வேண்டும். உங்கள் சிமுலேஷனே 900 வினாடிதான்! அந்த நோடு அப்படியே மாட்டிக்கொண்டது, கடைசிவரை வெளியே வராது. ஒரு தடவை தேர்ந்தெடுக்கும்போது 0.5க்குக் கீழே விழும் வாய்ப்பு நூற்றில் இரண்டரைதான். ஆனால் வேகமான நோடுகள் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றாக அவையும் போய் மாட்டுகின்றன. களம் முழுக்க வேகம் குறைகிறது, இணைப்புகள் அறுபடுவது குறைகிறது, பாக்கெட் அதிகமாகப் போய்ச் சேர்கிறது. நீங்கள் பார்த்த ஏறும் கோடு இதுதான்.

கணக்காகச் சொன்னால், பாஸ் டைம் இல்லாதபோது வேகம் போய் நிலைக்கும் இடம் (அதிகபட்சம் கழித்தல் குறைந்தபட்சம்) வகுத்தல் அந்த இரண்டின் விகிதத்தின் இயல் மடக்கை. குறைந்தபட்சம் 1, அதிகபட்சம் 19 என்றால் 18ஐ 2.94ஆல் வகுக்க, வினாடிக்குச் சுமார் 6.1 மீட்டர். குறைந்தபட்சம் 0 என்றால் விடையும் 0. அதாவது நிலைக்கவே நிலைக்காது, இறங்கிக்கொண்டே இருக்கும். உங்கள் கைடு சொன்ன “முதல் 200ஐ வெட்டு” என்பது பொதுவாக நல்ல யோசனைதான், நானும் செய்வேன். ஆனால் அது எங்கோ ஓரிடத்தில் போய் நிற்கும் அமைப்புக்கு. இங்கே 200 அல்ல, 2000 வினாடியை வெட்டினாலும் மீதியும் சரிந்துகொண்டுதான் இருக்கும்.

இதை 2003இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூன், லியூ, நோபிள் மூவரும் இன்ஃபோகாம் மாநாட்டில் விளக்கமாக எழுதிவிட்டார்கள். அப்படியிருந்தும் பழைய ஸ்கிரிப்ட் கைமாறிக் கைமாறி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் எனக்கு வருத்தம். உங்களிடம் இருக்கும் 50 நோடு, 1500க்கு 300, 900 வினாடி என்ற மூன்று எண்களும் எங்கிருந்து வந்தவை தெரியுமா? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மோனார்க் குழு 1998இல் மோபிகாம் மாநாட்டில் நான்கு ரௌட்டிங் புரோட்டோகால்களை ஒப்பிட்டபோது வைத்தவை. என்.எஸ்-2க்கு மொபைல் நோடைக் கொடுத்ததே அவர்கள்தான். களத்தை நீளவாட்டத்தில் வைத்ததற்குக்கூட ஒரு காரணம் சொல்லியிருக்கிறார்கள்: சதுரமாக இருந்தால் பாதைகள் குட்டையாகிவிடும், நடுவில் பல நோடுகளைத் தாவிப் போகும் பாதைகள் வேண்டும் என்பதற்காக. அவர்களுக்குக் காரணம் இருந்தது. உங்கள் தீசிஸில் உங்களுக்கான காரணத்தை ஒரு வரியாவது எழுதுங்கள்.

இதில் நியாயம் சார்ந்த ஒரு விஷயமும் இருக்கிறது. டி.எஸ்.ஆர். தெரிந்த பாதைகளைக் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) நிறைய வைத்துக்கொள்ளும். நோடுகள் வேகமாக ஓடினால் அந்தப் பாதைகள் சீக்கிரம் பழசாகிவிடும், மெதுவாக நகர்ந்தால் நெடுநேரம் செல்லுபடியாகும். அப்படியென்றால் மெதுவாகிக்கொண்டே போகும் களம் டி.எஸ்.ஆருக்குக் கைகொடுக்கிறது. நீங்கள் “20 மீட்டர் வேகத்தில் ஒப்பிட்டேன்” என்று எழுதுவீர்கள், உண்மையில் ஒப்பிட்டது வேறு வேகத்தில்.

சரி, என்ன செய்யலாம்? நோடுகளின் அசைவுகள் எழுதப்பட்ட காட்சிக் கோப்பை உருவாக்கும் செட்டெஸ்ட் கருவியில் இரண்டு வெர்ஷன் இருக்கிறது. சீனியர்கள் பயன்படுத்தியது ஒன்றாவது, அதில் குறைந்தபட்ச வேகம் கொடுக்க வழியில்லை. இரண்டாவது வெர்ஷனில் குறைந்தபட்சமும் கேட்கும், முதல் வேகத்தையும் நிலைத்த நிலைக்கு ஏற்றபடியே எடுக்கும். 1, 19 என்று கொடுங்கள். அப்புறம், ஓட்டுவதற்கு முன்னால் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். நோடு எண், நேரம், போகும் இடத்தின் எக்ஸ், ஒய், கடைசியில் ஒரு எண். அந்தக் கடைசி எண்தான் வேகம். ஆக் (awk) மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, நூறு வினாடிக்கு ஒருமுறை 50 நோடுகளின் சராசரி வேகத்தை எடுத்து கிராஃப் போடுங்கள். பழைய கோப்புக்கும் புதிய கோப்புக்கும் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தீசிஸில் அந்தப் படமே ஒரு பக்கத்துக்குப் பெறும்.

ஒரே ஒரு காட்சிக் கோப்பை வைத்து முடிவு சொல்ல வேண்டாம். பத்துக் கோப்பாவது உருவாக்கி, அதே பத்தை இரண்டு புரோட்டோகாலுக்கும் கொடுங்கள். ஸ்கிரிப்டில் சீடையும் (ராண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) மாற்ற வேண்டும். சும்மா விட்டால் என்.எஸ்-2 எப்போதும் 12345 என்ற சீடில்தான் தொடங்கும், நூறு தடவை ஓட்டினாலும் அதே விடைதான் வரும். சீடு, வெர்ஷன், வேக எல்லை, வெட்டிய நேரம் எல்லாவற்றையும் ஒரு அட்டவணையில் எழுதிவிடுங்கள். மோபிஹாக் மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வந்த 151 கட்டுரைகளை ஒரு குழு அலசியது. 114இல் சிமுலேஷன் இருந்தது. இன்னொருவர் திரும்பச் செய்து பார்க்கும்படி எழுதப்பட்டவை 15 சதவீதம்கூட இல்லை.

செக்மென்டேஷன் ஃபால்ட் சின்ன விஷயம். நோடு கான்ஃபிக்கில் இன்டர்ஃபேஸ் க்யூ (அனுப்பக் காத்திருக்கும் பாக்கெட்டுகளின் வரிசை) என்று ஒரு வரி இருக்கும். அதில் டிராப்டெய்ல் ப்ரை-க்யூ என்று போட்டிருப்பீர்கள். ஏ.ஓ.டி.விக்கு அது சரி. டி.எஸ்.ஆருக்கு அந்த இடத்தில் சி.எம்.யூ. ப்ரை-க்யூ போட வேண்டும். புரோட்டோகால் பெயரைப் பார்த்து க்யூவை மாற்றும்படி ஒரு ‘இஃப்’ எழுதிவிட்டால் மறக்காது.

என்.எஸ்-3க்கு இப்போது மாற வேண்டாம் என்பது என் கருத்து. புதிதாகத் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் என்.எஸ்-3தான் என்று தயங்காமல் சொல்வேன், ஆனால் நீங்கள் பாதி ஆற்றில் இருக்கிறீர்கள். அங்கே போனால் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடும் என்றும் இல்லை. அங்கே ராண்டம் வேபாயின்டின் டிஃபால்ட் வேகம் வினாடிக்கு 0.3 முதல் 0.7 மீட்டர், ஆள் மெல்ல நடக்கும் வேகம். நீங்கள் மாற்றாவிட்டால் அதுதான் ஓடும். தொடக்கத்திலிருந்தே நிலைத்த வேகத்தில் ஓடும் ஸ்டெடி ஸ்டேட் ராண்டம் வேபாயின்ட் என்று தனி மாடல் அங்கே இருக்கிறது, மாறும் நாள் வந்தால் அதை எடுங்கள். ரேடியோவும் வேறு. என்.எஸ்-2இல் டூ ரே கிரவுண்ட் என்ற அலைபரவல் மாடலும் டிஃபால்ட் பவரும் சேர்ந்து 250 மீட்டருக்கு ஒரு வட்டம் போட்டுத் தரும். என்.எஸ்-3 வைஃபையில் டிஃபால்ட்டாக வருவது லாக் டிஸ்டன்ஸ் மாடல். அதனால் இரண்டிலும் வந்த எண்களை ஒரே கிராஃபில் போட்டுவிடாதீர்கள்.

கைடிடம் வேக கிராஃபை முதலில் காட்டுங்கள், பாக்கெட் கிராஃபை அப்புறம். புதிய கோப்பில் கோடு ஏறாமல் நின்றதா என்று எனக்கும் எழுதுங்கள். முடிந்தால் இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.