தீபாவளி தள்ளிப் போகாது

கேள்வி: எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அதற்கு முன் பி.காம். இந்த செமஸ்டரில் மார்க்கெட்டிங் பிளானிங், புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இரண்டையும் விருப்பப் பாடமாக எடுக்க ஆசை. "புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஜினீயரிங் முடித்தவர்களுக்கானது, கணக்கில் மாட்டிக்கொள்வாய். விளம்பரத் துறைக்குப் போகிறவளுக்கு அது எதற்கு?" என்கிறார்கள் தோழிகள். அடுத்த வாரம் படிவம் கொடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டையும் எடுங்கள். ஒன்றை விட்டே ஆகவேண்டும் என்ற நிலை வந்தாலும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட்டை விடாதீர்கள். மார்க்கெட்டிங்கின் அடிப்படை முதல் வருடமே உங்களுக்கு வந்திருக்கும். மற்றது, சொல்லித்தர ஆள் இருக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டியது.

கணக்குப் பயத்தை முதலில் பார்ப்போம். எந்த வேலை தாமதமானால் மொத்தத் திட்டமும் தள்ளிப்போகும் என்று கண்டுபிடிக்கும் 'கிரிட்டிக்கல் பாத்' முறை 1957-இல் அமெரிக்காவின் டூபான்ட் ரசாயன நிறுவனத்தில் உருவானது. அடுத்த வருடமே அந்நாட்டுக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக, எத்தனை நாள் ஆகும் என்று உறுதியாகத் தெரியாத வேலைகளுக்கும் நேரம் மதிப்பிடும் 'பெர்ட்' முறையைக் கொண்டுவந்தது. தொழிற்சாலையிலும் ஏவுகணையிலும் பிறந்ததால் இன்ஜினீயர் சமாச்சாரம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் கூட்டல், கழித்தல்தான். பெர்ட்டில் கொஞ்சம் புள்ளியியல் வரும். பி.காமில் காஸ்ட் அக்கவுன்டிங் போட்டவருக்கு அது பெரிய விஷயமில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் ஊர் இனிப்புக் கடை ஒன்று தீபாவளிக்குப் புதிய பரிசுப் பெட்டி கொண்டுவருகிறது. யாருக்கு விற்பது, என்ன விலை, எந்தக் கடைகளில் வைப்பது என்பதெல்லாம் மார்க்கெட்டிங் பிளானில் முடிவாகிவிட்டது. பெட்டி டிசைனுக்கு 10 நாள், முதலாளி பார்த்து ஓகே சொல்ல 3, அச்சுக்கு 15, இனிப்பு அடைக்க 5, கடைகளுக்கு அனுப்ப 4. மொத்தம் 37 நாள். இன்னொரு பக்கம் விளம்பர வேலை, 20 நாள். இரண்டும் ஒரே நாளில் தொடங்கினால் விளம்பரக்காரர் ஒரு வாரம் தாமதித்தாலும் ஒன்றும் ஆகாது, 17 நாள் கையில் இருக்கிறது. முதலாளி ஓகே சொல்ல ஒரு நாள் கூடினால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும். தீபாவளி தள்ளிப்போகாது.

இப்போது சின்னதாக ஒரு சிக்கல். விளம்பரத்துக்கு அச்சான பெட்டியைப் போட்டோ எடுக்க வேண்டும் என்கிறார்கள். அந்த 20 நாளில் போட்டோவும் போஸ்டரும் சேர்ந்து 12 நாள் என்று வையுங்கள். அச்சு முடியவே 28 நாள் ஆகிறது. அதன்பிறகு 12 என்றால் 40. நெருக்கடி பெட்டியிலிருந்து விளம்பரத்துக்கு மாறிவிட்டது. டிசைன் ஓகே ஆனதுமே அச்சகத்தில் ஒரு சாம்பிள் பெட்டி கேட்டு, அதற்கு இரண்டு நாள் என்று வைத்தாலும், 16-ஆம் நாளே படமெடுக்கத் தொடங்கலாம். போட்டோவுக்குப் பெட்டி தேவை என்பது இன்ஜினீயருக்குச் சட்டென்று தோன்றாது, விளம்பரம் தெரிந்தவருக்குத்தான் தோன்றும். அதனால்தான் உங்கள் தோழிகள் சொல்வதை நான் ஏற்கவில்லை.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் டாடா நானோவை எடுங்கள். 2008 ஜனவரியில் டெல்லி ஆட்டோ கண்காட்சியில் காரைக் காட்டி, ஒரு லட்ச ரூபாய் கார் என்று உலகத்துக்கே சொன்னார்கள். அதே அக்டோபரில், நிலப் போராட்டத்தால் மேற்கு வங்கத்தின் சிங்கூர் தொழிற்சாலையை விட்டுக் குஜராத்தின் சானந்துக்குப் போக வேண்டியதாயிற்று. 2009-இல் விற்பனை அறிவித்தபோது 2 லட்சத்துக்கும் மேல் முன்பதிவு குவிந்தது. சானந்த் ஆலை திறந்ததோ 2010 ஜூனில். அதுவரை உத்தராகண்டின் பந்த்நகர் ஆலையில் குறைந்த அளவில் தயாரித்து, முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்தார்கள். ஆசையோடு காத்திருந்த வாடிக்கையாளரைக் காக்கவைத்தது புராஜெக்ட் பக்கத்துச் சங்கடம். 'மலிவான கார்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது மார்க்கெட்டிங் பக்கத்துத் தவறு; ரத்தன் டாடாவே பின்னாளில் இதைச் சொன்னார். நம் ஊரில் கார் வாங்குவது கௌரவத்துக்கும்தானே! மலிவு என்று ஊரறிந்த வண்டியை வாசலில் நிறுத்த எத்தனை பேர் விரும்புவார்கள்? 2018-இல் தயாரிப்பு ஏறக்குறைய நின்றுபோனது. இரண்டு பாடத்துக்கும் இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் எதில் கவனம் வேண்டும்? ஸ்வாட் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல்) கட்டங்களை நிரப்புவதில் நேரத்தைக் கொட்டாதீர்கள். நான்கு கட்டத்தையும் அழகாக நிரப்பிவிட்டு, அதிலிருந்து ஒரு முடிவும் எடுக்காத ரிப்போர்ட்டுகள்தான் எங்கும். இலக்கு எழுதும்போது "விற்பனையைப் பெருக்குதல்" என்று எழுதினால் சாரே அடித்துவிட வேண்டும். எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எவ்வளவு செலவில் என்று எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நேரே ஒருவர் பெயர் இருக்கட்டும். 'குழு' என்று போட்டால் கடைசி இரவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் நீங்கள்தான் முடிப்பீர்கள், இது உங்களுக்கே தெரிந்திருக்கும். மென்பொருளுக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் தாளில் போடுங்கள், அப்புறம் எக்செல்.

புராஜெக்ட் மேனேஜர்களுக்கு அமெரிக்காவின் பி.எம்.ஐ. அமைப்பு தரும் பி.எம்.பி. சான்றிதழ் பற்றி யாராவது ஆசை காட்டுவார்கள். அதற்குப் புராஜெக்ட்டுகளை நடத்திய அனுபவம் பல ஆண்டு வேண்டும், இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதே அமைப்பின் ஆரம்பநிலைத் தேர்வான சி.ஏ.பி.எம்.-ஐ மாணவர்களும் எழுதலாம், ஆனால் கட்டணம் கொஞ்சம் உறைக்கும். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையதளத்தில் பாடங்களை இலவசமாகவே பார்க்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் பணம்.

படிவம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. இரண்டு பாடத்தின் ஆசிரியர்களையும் பார்த்து, ஒரே நிறுவனத்தை வைத்து இரண்டு ரிப்போர்ட்டும் செய்யலாமா என்று கேளுங்கள். ஒன்றில் திட்டம், மற்றதில் அதை நிறைவேற்றும் அட்டவணை. சரி என்றால் சுமை பாதியாகும். சில ஆசிரியர்கள் இதை ஒரே வேலையை இரண்டு முறை சமர்ப்பிப்பதாக எடுத்துக்கொள்வார்கள், அதனால் சம்மதத்தை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.