அம்மாவின் மருந்துச் சீட்டு கணினிக்குப் போகிறது: கையெழுத்திடலாமா?

கேள்வி: 78 வயதான என் அம்மா கோவையில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். சர்க்கரைக்கும் மூட்டுவாதத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இனி மருந்துச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றப்போவதாகச் சொல்லி, சம்மதப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். மாத்திரை மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கணினியைக் கண்டு பயப்படாதீர்கள். கிறுக்கலை ஊகித்து மாத்திரை கொடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். மருந்துச் சீட்டைத் தெளிவாக, கூடுமானவரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதி கொண்டுவந்தது. எத்தனை மருத்துவர்கள் மதித்தார்கள்? அம்மாவின் சீட்டை எடுத்துப் படித்துப் பாருங்கள், தெரியும்.

மருந்துப் பட்டியலைக் கணினிக்கு மாற்றும் அந்த ஒரு நாளில்தான் தவறு நுழைகிறது. பெரும்பாலும் மருத்துவர் உட்கார்ந்து பதிவதில்லை. யாரோ ஒருவர் பழைய கோப்பைப் புரட்டிப் பதிவார். என்றோ நிறுத்திய மாத்திரை மறுபடி வந்து சேர்ந்துவிடும். அன்றைக்கு நேரில் போங்கள். இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அச்செடுத்த பட்டியலில் மருத்துவர் கையெழுத்திட்ட பிறகு நீங்கள் இடுங்கள்.

மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் தருகிறார்களா? அது வாரத்தில் ஒரே நாள் சாப்பிடும் மருந்து. கைப்பழக்கத்தில் ‘1-0-0’ (காலையில் ஒன்று, மதியமும் இரவும் இல்லை) என்று பதிந்துவிட்டால் தினமும் கொடுத்துவிடுவார்கள். வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். ‘வாரம் ஒருமுறை’ என்பது போதாது. ‘திங்கட்கிழமை மட்டும்’ என்று கிழமை இருக்க வேண்டும். மற்ற ஆறு நாளும் அந்தப் பெயர் திரையில் வரவே கூடாது. செவிலியரிடம் திரையைத் திறந்து காட்டச் சொல்லி, உங்கள் கண்ணால் பாருங்கள். கூடவே தரும் ஃபோலிக் அமில மாத்திரையும் பார்வைக்கு அதைப்போலவே இருக்கக்கூடும். இரண்டையும் தனித்தனி டப்பாவில் வைக்கச் சொல்லுங்கள்.

படிவத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். மென்பொருளை இலவசமாகத் தருகிறேன் என்று வரும் தரகர்களில் பலர் மருந்துக் கடையோடு கைகோத்து வருகிறவர்கள். ‘எல்லா மருந்தையும் எங்களிடமே வாங்கச் சம்மதம்’ என்று நடுவில் ஒரு வரியைச் செருகிவிடுவார்கள். நான் பார்த்த ஓர் இல்லத்தில், அரசுத் திட்டத்தின் மலிவு விலைக் கடையான முதல்வர் மருந்தகத்தில் வாங்கி வந்த பிள்ளைகளைக் ‘கணினி ஏற்காது’ என்று திருப்பி அனுப்பினார்கள். அப்பட்டமான பொய்! மாத்திரையின் பெயரும் அளவும் சரியாக இருந்தால் எந்தக் கடையில் வாங்கினாலும் பதியலாம். அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அச்சுப் பிரதி ஒன்று அம்மாவின் அறையில் எப்போதும் இருக்கட்டும். மருத்துவமனையில் சேர்ந்து திரும்பினால், அன்றே பட்டியலை மறுபடி ஒப்பிடச் சொல்லுங்கள்.