மூன்று வாரமாக ஒரே குறுக்குவெட்டு: மகளைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், கூடப் படிப்பவர்கள் எல்லாம் சாஃப்ட்வேர் சான்றிதழாக வாங்கிக் குவிக்கும்போது, மூன்று வாரமாக ஒரே சாலையின் குறுக்குவெட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இது வேலைக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உதவும். நெடுஞ்சாலை வடிவமைப்பு வேலைக்குப் போக நினைப்பவர் படிக்கும்போதே செய்யக்கூடிய உருப்படியான காரியம் இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் என்ன தெரியுமோ அதுதான் குறுக்குவெட்டு. வண்டி ஓடும் தடம், அதை ஒட்டி ஓரத்தில் ஷோல்டர் என்கிற பக்கப் பட்டை, வடிகால், அப்புறம் இயற்கைத் தரையைப் போய்த் தொடும் சரிவு, அடியில் ஜல்லியும் தாரும் அடுக்கடுக்காக. சாலை வடிவமைப்பு மென்பொருளான சிவில் 3டியில் இதன் உறுப்புகளை சப்அசெம்பிளி என்கிறார்கள், அதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான ஓப்பன்ரோட்ஸ் டிசைனரில் முழு வெட்டும் டெம்ப்ளேட் என்ற பெயரில் வருகிறது. நடுக்கோட்டையும், சாலை நீளவாக்கில் ஏறி இறங்குவதைக் காட்டும் நெட்டுவெட்டையும் கொடுத்து இந்த வெட்டை அதன் மேல் ஓடவிட்டால் முழுச் சாலையும் மாடலாக எழுந்துவிடும். தயாராகக் கிடைக்கும் உறுப்புகளைக் கோத்து இதைச் செய்ய யாரும் சில நாட்களில் பழகிக்கொள்ளலாம், பல சான்றிதழ் வகுப்புகள் அங்கேயே நின்றுவிடுகின்றன.

நிலம் அவ்வளவு எளிதாகச் சொன்னபடி கேட்காது. ஒரு கணக்கு பாருங்கள். சாலை ஓரம் தரையிலிருந்து 4 மீட்டர் உயரம், கரைச் சரிவு 1 மீட்டர் இறங்க 2 மீட்டர் வெளியே போகும்படி என்றால், கரையின் அடி 8 மீட்டர் தள்ளிப் போய் நிற்கும். சாலைக்காக எடுத்த நிலமோ அந்தப் பக்கம் 6 மீட்டர்தான். வெறும் சரிவு மட்டும் போடும் உறுப்புக்கு இது தெரியாது, அது பாட்டுக்கு அடுத்தவர் நிலத்துக்குள் இறங்கிவிடும். அந்த இடத்தில் மட்டும் தாங்குசுவர் வர வேண்டும், கரை தாழ்ந்ததும் சுவர் போய்ப் பழைய சரிவே திரும்ப வேண்டும், மேட்டை வெட்டிப் போகும் இடத்தில் சரிவுக்கு முன்னால் வடிகால் முளைக்க வேண்டும். இதையெல்லாம் 'இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது' என்று குறுக்குவெட்டுக்குள்ளேயே எழுதி வைக்கலாம். சிவில் 3டியோடு வரும் சப்அசெம்பிளி கம்போசரில் அதற்கு புரோகிராமிங் கூடத் தெரிய வேண்டியதில்லை, கட்டங்களை இழுத்துப்போட்டு புள்ளி, கோடு, பரப்பு என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு போகலாம். நீங்கள் அனுப்பிய திரைப் படத்தில் உங்கள் மகள் செய்துகொண்டிருப்பது இதைத்தான்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒவ்வொரு புள்ளிக்கும் நிதானமாகப் பெயர் வைத்திருக்கிறாள். ஒரே பெயருள்ள புள்ளிகளைத்தான் மென்பொருள் ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்குக் கோடாக இணைக்கும். சுவர் வரும் இடத்தில் ஷோல்டர் ஓரத்துக்கு வேறு பெயர் விழுந்துவிட்டால் ஓரக்கோடு அங்கே அறுந்துபோகும். சாலை அடுக்குகளுக்குக் கீழே மண்வேலையின் மட்டத்தைக் காட்டும் அடிமட்டக் கோட்டுக்குப் பெயர் விட்டுப்போனால் இன்னும் மோசம், மண்வேலை அளவே தப்பாக வரும், அந்த அளவை நம்பித்தான் செலவுக் கணக்குப் போடுவார்கள்.

ஒரு குறையும் கண்ணில் பட்டது. தடத்தின் சரிவை 2.5 சதவீதம் என்று எண்ணாகவே அடித்து வைத்திருக்கிறாள். நேர்ச்சாலையில் சரி, 3.5 மீட்டர் தடத்துக்கு 87.5 மில்லிமீட்டர் இறக்கம், தண்ணீர் வடிந்துவிடும். ஆனால் வளைவில் வெளிப்பக்கத் தடம் உயர்ந்து முழுச் சாலையும் உள்பக்கம் சாய வேண்டும், அங்கே இந்த எண் அசையாமல் நிற்கும். வளைவில் எங்கே எவ்வளவு சாய வேண்டும் என்று சொல்லும் சூப்பர் எலிவேஷன் அட்டவணையிலிருந்து சரிவை எடுத்துக்கொள்ளும்படி மாற்றச் சொல்லுங்கள். ஷோல்டர் அதோடு சேர்ந்து சாய வேண்டுமா, தனியாக வெளியே இறங்க வேண்டுமா என்பதை அவளே வடிவமைப்பு விதிநூலைப் புரட்டி முடிவு செய்யட்டும்.

பணம் கட்டி வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள், இப்போதைக்கு வேண்டாம். சிவில் 3டியைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே அதை மாணவர்களுக்கு ஓராண்டு இலவசமாகத் தருகிறது, படிக்கும் வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். சான்றிதழ் வீண் என்று சொல்லவில்லை, விண்ணப்பங்களை வடிகட்டும் இடத்தில் அது உதவும், கடைசி ஆண்டில் ஒன்று வாங்கினால் போதும். நேர்முகத்தில் உட்கார்ந்த பிறகு கேட்பது வேறு: இங்கே ஏன் சுவர் வைத்தாய், அந்த உயரத்துக்குக் கீழே ஏன் வைக்கவில்லை? சொந்தமாகக் கட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் வாயிலேயே இருக்கும்.

மூன்று வாரம் ஆனதில் எனக்குக் கவலையில்லை. ஒரே சாலையிலேயே ஓட்டிக்கொண்டிருப்பதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது, ஏனென்றால் அந்த வெட்டு அந்தச் சாலைக்கு மட்டும் பழகிப்போயிருக்கும். இன்னும் பத்து நாளில் மேடு பள்ளம் அதிகமுள்ள வேறொரு நிலத்தில் ஓடவிட்டு, எங்கெங்கே உடைகிறது, எப்படிச் சரிசெய்தாள் என்று ஒரே ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், படங்களோடு. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைத்தான் முதலில் இணைக்க வேண்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துத் தருகிறேன்.